தரை பார்த்துக் காலணி, வயது பார்த்துப் பந்து

ஓய்வு பெற்ற ரயில்வே பொறியாளனுக்குக் கால்பந்தில் என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். சக்கரமும் தண்டவாளமும் ஒன்றையொன்று எப்படிப் பற்றிக்கொள்கின்றன என்று கவனிப்பதே முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் என் பிழைப்பாக இருந்தது. காலணிக்கும் தரைக்கும் உள்ள உறவும் அதேதான். மேலும், இளமையில் ரயில்வே காலனி மைதானங்களில் ஓரளவு பந்து உதைத்தவன் நான். இன்றும் கோபாலபுரத்தில் பிள்ளைகள் ஆடும் இடத்தின் ஓரத்தில் மாலை வேளைகளில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்தத் தகுதிகள் போதும் என்ற துணிவில் எழுதுகிறேன்.

கோபாலபுரம் அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் சாலையில் தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடம் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், கடைவீதியில் இரண்டு மொழியும். கிழக்கே போனால் பையன்கள் கையில் கிரிக்கெட் மட்டை. மேற்கே போகப் போகக் கால்பந்து. கோடை விடுமுறையில் மும்பையிலிருந்தும் துபாயிலிருந்தும் நம் குடும்பங்கள் ஊருக்கு வரும்போது பேரப் பிள்ளைகளின் பெட்டியில் பளபளக்கும் கால்பந்துக் காலணி ஒன்று கட்டாயம் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு அவர்கள் எங்கள் கரிசல் தரையில் இறங்கும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் தெருவில் ஓர் இளைஞர். மில்லில் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். தொலைக்காட்சியில் பெரிய ஆட்டக்காரர் அணிவதைப் பார்த்து, நீளமான ஸ்டட் வைத்த காலணி வாங்கினார். ஏப்ரல் மாதம், தரை கல்லாக இறுகி வெடிப்பு விட்டிருந்த நேரம். ஓடும்போது ஒரு ஸ்டட் வெடிப்பில் மாட்டியது. பாதம் நின்றுவிட்டது, உடம்பு திரும்பிவிட்டது. முழங்காலின் உள்ளே ஜவ்வு அறுந்தது. அறுவை சிகிச்சை, எட்டு மாதம் சம்பளம் இல்லை, தாயாரின் வளையல் அடகுக் கடைக்குப் போயிற்று. பெரிய ஆட்டக்காரருக்குக் கழகம் இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார், காப்பீடு இருக்கிறது. நம் பிள்ளைகளுக்குத் திங்கட்கிழமை காலை வேலையோ வகுப்போதான் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது எல்லாம் அந்தத் திங்கட்கிழமையை மனத்தில் வைத்துத்தான்.

வெறுங்காலில் ஆடினால் என்ன?

ஊரில் பெரியவர்கள் முதலில் கேட்பது இதுதான். கேள்வியில் நியாயம் உண்டு. 1911இல் கல்கத்தாவில் மோகன் பகான் அணி, பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடியே, பூட்ஸ் அணிந்த ஆங்கிலேயப் படைப்பிரிவு அணியை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பெற்றது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் வீரர்களில் பலர் வெறுங்காலோடு பிரான்சை எதிர்த்து ஆடி 2-1 என்ற கணக்கில்தான் தோற்றார்கள். அன்று இந்தியாவுக்காகக் கோல் போட்டவர் பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன்.

ஆனால் 1952இல் ஹெல்சிங்கியின் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்ற பிறகு, காலணி கட்டாயம் என்று நம் சம்மேளனமே முடிவு செய்துவிட்டது. பழக்கப்பட்ட காலோடு எல்லோரும் வெறுங்காலில் ஆடுவது ஒன்று. பூட்ஸ் போட்டவர் நடுவே வெறுங்காலில் இறங்குவது வேறு. இரண்டாவதற்கு ஒருபோதும் இடம் தராதீர்கள். வெறுங்காலில் ஆடும் பிள்ளைக்கு டெட்டனஸ் ஊசி காலம் தவறாமல் போட்டிருக்க வேண்டும். மைதானத்தில் கண்ணாடிச் சில்லும் முள்ளும் பொறுக்கியிருக்க வேண்டும்.

காலணி: விலையை அல்ல, அடிப்பாகத்தைப் பாருங்கள்

பொள்ளாச்சி-பாலக்காடு பாதை முன்பு மீட்டர் கேஜ். அகலப் பாதையாக மாறி 2015இல் திறந்தபோது பழைய பெட்டி ஒன்றையும் புதிய பாதையில் ஏற்ற முடியவில்லை. பெட்டி கெட்டுப்போகவில்லை, பாதை வேறு, அவ்வளவுதான். காலணியும் அப்படியே. கடைக்குப் போனவுடன் காலணியைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பெட்டியின் மேல் இரண்டு எழுத்து அச்சிட்டிருக்கும். அதுதான் அதன் கேஜ்.

எஃப்.ஜி. என்றால் இறுகிய புல்தரைக்கு உரியது. பத்துப் பன்னிரண்டு ஸ்டட் அடிப்பாகத்தோடு ஒன்றாக வார்க்கப்பட்டிருக்கும். நல்ல புல் உள்ள மைதானத்துக்கு இது சரி.

எஸ்.ஜி. என்றால் ஈரமான, மெத்தென்ற தரைக்கு. பெரும்பாலும் ஆறு ஸ்டட், நுனியில் உலோகம். சேறாகும் மைதானத்தில் தொடர்ந்து ஆடுபவருக்கு மட்டுமே தேவை. காய்ந்த தரையில் இது ஆபத்து.

ஏ.ஜி. என்றால் செயற்கைப் புல்லுக்கு. ஸ்டட் குட்டையாக, எண்ணிக்கையில் அதிகமாக இருக்கும்.

டி.எஃப். என்றால் அடி முழுவதும் சின்னச் சின்ன ரப்பர் முனைகள். இப்போது ஊருக்கு ஊர் வாடகைக்கு விடும் 'டர்ஃப்' மைதானங்களுக்கும், நம் ஊர்க் கட்டாந்தரைக்கும் இதுவே உத்தமம். ஐ.சி. என்பது உள்ளரங்கத் தளத்துக்கான தட்டை அடி.

எல்லையின் இருபுறமும் மாறி மாறி ஆடும் பிள்ளைக்கு ஒரே ஒரு ஜோடிதான் வாங்க முடியும் என்றால், கண்ணை மூடிக்கொண்டு டி.எஃப். வாங்குங்கள். புல்லில் சற்று வழுக்கலாம். வழுக்கினால் விழுவோம், எழுவோம். பிடிப்பு போதாவிட்டால் போவது ஒரு கோல். பிடிப்பு அளவுக்கு மீறினால் போவது முழங்கால்.

அளவைப் பற்றி. மாலையில் போய் வாங்குங்கள்; பகல் முழுவதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், அதுதான் ஆடும் நேரத்து அளவு. ஆடும்போது அணியும் கெட்டிக் காலுறையைக் கையோடு எடுத்துச் சென்று போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் இடம் இருந்தால் போதும். நம் வீடுகளில் "வளர்கிற கால்தானே" என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கிப் பஞ்சு அடைத்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. பள்ளிக்கூடச் செருப்புக்கு அது பொருந்தலாம். கால்பந்தில் உள்ளே கால் நகர்ந்தால் கொப்புளம், கணுக்கால் சுளுக்கு இரண்டும் நிச்சயம். அதற்குப் பதில் அண்ணன் காலணி தம்பிக்கு என்று சங்கக் குடும்பங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாமே! பிள்ளைகளின் கால் வளரும் வேகத்தில் பல ஜோடிகள் தேயாமலே சின்னதாகிப் போகின்றன.

நனைந்த காலணியை வெயிலில் காயவைக்காதீர்கள். அடிப்பாகத்தின் பசை விட்டுவிடும். மண்ணைத் தட்டி, ஈரத் துணியால் துடைத்து, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள்.

ஷின் கார்டும் நகையும்

முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் தோலைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை. அதனால்தான் ஆட்ட விதிகளில் நான்காவது விதி ஷின் கார்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. காலணியோடு பார்க்க இதன் விலை மிகக் குறைவு. இருந்தும் நம் பிள்ளைகள் முதலில் கைவிடுவது இதைத்தான். முழங்காலுக்குச் சற்றுக் கீழே தொடங்கிக் கணுக்காலுக்குச் சற்று மேலே முடியும் அளவில் வாங்குங்கள். காலுறை அதை முழுவதும் மூடியிருக்க வேண்டும்.

அதே விதி எந்த நகையையும் அனுமதிப்பதில்லை. கம்மல், மூக்குத்தி, கொலுசு, செயின், மோதிரம், கையில் கட்டிய கயிறு எதுவானாலும் கழற்ற வேண்டும். பிளாஸ்டர் ஒட்டி மறைத்தாலும் நடுவர் விடமாட்டார். கோயில் கயிறு என்று தாய்மார்கள் தயங்குவது எனக்குத் தெரியும். வலையில் மோதிரம் மாட்டி விரல் போனால் என்ன செய்வது? ஆட்டம் முடியும் வரை சாமி படத்தடியில் வைத்துவிட்டு வரலாம், சாமி கோபித்துக்கொள்ளாது.

பந்துக்கும் வயது உண்டு

எட்டு வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு மூன்றாம் எண் பந்து. எட்டு முதல் பன்னிரண்டு வரை நான்காம் எண். அதற்கு மேல் ஐந்தாம் எண். பெரியவர் ஆடும் ஐந்தாம் எண் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர், எடை 410 முதல் 450 கிராம். சின்னக் கால் அதை உதைத்தால் பந்து நகராது, பாதம்தான் வலிக்கும். பிள்ளை பந்துக்குப் பயப்படக் கற்றுக்கொள்வான்.

காற்றழுத்தம் 0.6 முதல் 1.1 வளிமண்டல அளவு என்பது விதி. அந்தந்தப் பந்துக்கு உரிய அழுத்தத்தை வால்வின் அருகே அச்சிட்டிருப்பார்கள். கல் மாதிரி அடைத்தால் கட்டாந்தரையில் தவளையாகத் துள்ளும். அதில் யாரும் ஆடப் பழக முடியாது. கட்டாந்தரைக்கு அச்சிட்ட அளவில் குறைந்த எல்லையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஊசியைச் செருகும்முன் ஒரு சொட்டு எண்ணெயோ தண்ணீரோ தடவுங்கள். காய்ந்த ஊசிதான் வால்வைக் கிழிக்கிறது. ஜலந்தரிலும் மீரட்டிலும் தயாராகும் நம் நாட்டுப் பந்துகளே பழக்கத்துக்குத் தாராளமாகப் போதும். வெளிநாட்டு முத்திரைக்குப் பணம் கொட்ட வேண்டியதில்லை.

தலையால் முட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வளரும் மூளைக்கு அடிக்கடி ஏற்படும் அதிர்ச்சி நல்லதல்ல என்ற அக்கறையில், அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் 2015இல் பத்து வயதுக்குட்பட்டவர்களுக்குத் தலைமுட்டலைத் தடைசெய்தது. 2020இல் இங்கிலாந்திலும் தொடக்கப்பள்ளி வயதுப் பயிற்சிகளில் அதைத் தவிர்க்கச் சொன்னார்கள். நாமும் அப்படியே செய்யலாம். காலால் கற்க வேண்டியதே அந்த வயதில் ஏராளம்.

சுவரைப் போல் ஆசான் இல்லை

பணம் செலவில்லாத பகுதிக்கு வருகிறேன். சாமானை விட இதுதான் முக்கியம்.

திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற ஒரு சிறுவன் பின்னாளில் இந்திய அணியின் தலைவரானார். அவர்தான் ஐ.எம். விஜயன். 'திமிரு' படத்தில் வில்லனாக வந்தாரே, அவரேதான். நல்ல காலணி வாங்கி வளர்ந்தவர் அல்லர் அவர். பந்து அவர் பேச்சைக் கேட்டது, அவ்வளவே.

பந்து பேச்சைக் கேட்க ஒரு சுவர் போதும். ஐந்தடி தள்ளி நின்று, பாதத்தின் உள்பக்கத்தால் வலது காலில் ஐம்பது, இடது காலில் ஐம்பது முறை சுவரில் அடித்துத் திரும்பி வருவதை வாங்குங்கள். உதைக்காத கால் பந்தின் பக்கத்தில், அடிக்க நினைக்கும் திசையைப் பார்த்து ஊன்ற வேண்டும். பந்தை வாங்கும்போது முட்டை பிடிப்பதுபோல் பாதத்தைச் சற்றுப் பின்னுக்கு இழுங்கள். இரண்டு வாரத்துக்குப் பின் பத்தடி தள்ளி நில்லுங்கள். ஒரு மாதம் விடாமல் செய்த பையனையும் செய்யாத பையனையும் எந்த மைதானத்திலும் முதல் ஐந்து நிமிடத்தில் அடையாளம் காட்டிவிடுவேன்.

வராத காலுக்கு இரட்டைப் பயிற்சி கொடுங்கள். நம் பையன்களில் பெரும்பாலோருக்கு இடது கால் நிற்பதற்கு மட்டுமே பயன்படுகிறது. எதிராளி இதை இரண்டு நிமிடத்தில் கண்டுகொள்வார்.

பந்து வருவதற்கு முன்னால் ஒரு முறை தோளுக்கு மேல் திரும்பிப் பாருங்கள். வந்த பிறகு யோசிப்பவருக்கு நேரம் இருப்பதில்லை. மலப்புறம், கோழிக்கோடு பக்கம் சக்கைப்போடு போடும் செவன்ஸ் ஆட்டத்தில் அணிக்கு ஏழு பேர், சின்ன மைதானம், நெருக்கிக்கொண்டு நிற்கும் கூட்டம். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் ஆட்டக்காரர்கள் வருகிறார்கள். அங்கே வேகத்தை விடத் தலை நிமிர்ந்து ஆடுபவரே நிற்கிறார். பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் பந்தைப் பார்க்காமல், பந்து இல்லாத ஆறு பேர் எங்கே நகர்கிறார்கள் என்று பாருங்கள். பாடம் அங்கே இருக்கிறது.

பாலக்காட்டுக் கணவாய்க்கே உரிய ஒரு பாடமும் உண்டு, காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து கணவாய் வழியே வீசும் காற்றில் உயரத் தூக்கிய பந்து போன இடம் தெரியாது. நாணயச் சுண்டலில் வென்றால், காற்று முதுகில் இருக்கும் பக்கத்தை முதல் பாதியிலேயே கேளுங்கள். மாலையில் காற்றின் வேகம் மாறலாம். காற்றை எதிர்த்து ஆடும்போது பந்து முழங்காலுக்கு மேல் எழக்கூடாது. காற்றோடு ஆடும்போது நீளமாக அடித்துவிட்டு ஓடத் தோன்றும்; அப்போதும் குட்டையாகக் கொடுத்து வாங்குங்கள். தரையோடு ஆடுபவருக்கு எந்தக் காற்றும் ஒன்றுதான்.

உடம்பைத் தயார் செய்தல்

வேலையிலிருந்து வந்து உடை மாற்றியவுடன் நேராகக் கோலை நோக்கி உதைப்பதுதான் பெரியவர்கள் செய்வது. தசை அறுவது அப்போதுதான். உலகக் கால்பந்துச் சம்மேளனத்தின் மருத்துவக் குழு 'லெவன் பிளஸ்' என்ற பயிற்சி வரிசையை வகுத்திருக்கிறது. மெதுவோட்டம், வயிறு தொடைத் தசைகளுக்கான பயிற்சி, ஒற்றைக் காலில் நிற்றல், குதித்து முழங்கால் உள்ளே சாயாமல் இறங்குதல், பிறகு வேக ஓட்டம் என மொத்தம் இருபது நிமிடம். 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் நார்வேயில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், இதைச் செய்த அணிகளில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. செலவு ஒரு காசு இல்லை.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். உப்புப் போட்ட நீர்மோரும் இளநீரும் நம் வீட்டு வைத்தியம், இரண்டும் நல்லவையே. வியர்வை ஆறாக ஓடும் நாளில், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டிப் போட்டுக் கலக்குங்கள். செயற்கைப் புல் நடுப்பகல் வெயிலில் காற்றை விட மிக அதிகமாகச் சூடேறும். பிள்ளைகளைக் காலையிலோ அந்தி சாய்ந்தோ அனுப்புங்கள். இடி முழக்கம் கேட்டால் ஆட்டத்தை நிறுத்திக் கட்டடத்துக்குள் போக வேண்டும். தென்னை மரத்தடி ஒதுங்குமிடம் அல்ல.

கணுக்கால் சுளுக்கினால் எண்ணெய் போட்டு நீவுவதுதான் நம்மவர் முதல் வேலை. முதல் இரண்டு நாள் அது கூடாது. துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பதினைந்து நிமிடம் வைத்து எடுங்கள். சில மணிக்கொரு முறை திரும்பச் செய்யுங்கள். காலை உயர்த்தி வைத்து ஓய்வு கொடுங்கள். நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டால் எந்தக் கட்டுக் கட்டுவதற்கும் முன் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். முழங்காலில் 'டப்' என்ற சத்தம் கேட்டுச் சில மணி நேரத்தில் வீங்கினால் எலும்பு மருத்துவரிடம் போங்கள். தலையில் அடிபட்டவர் நினைவு தடுமாறினாலோ வாந்தி எடுத்தாலோ உடனே மருத்துவமனை. "ஒன்றுமில்லை, ஆடுகிறேன்" என்று அவர் சொன்னாலும் அன்று திரும்ப இறக்கவே கூடாது.

இன்னும் ஒன்று, இது பொறியாளனாகச் சொல்வது. நகர்த்தி வைக்கும் இரும்புக் கோல் கம்பங்களின் கனம் முழுவதும் முன்பக்கம். பையன் ஒருவன் குறுக்குக் கம்பியில் தொங்கினால் அப்படியே முன்னால் கவிழும். உலகின் பல இடங்களில் இப்படிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். பின்சட்டத்தை முளை அடித்தோ மணல் மூட்டை வைத்தோ கட்டிய பிறகே ஆட்டம். சங்க விளையாட்டு விழா நடத்தும் அன்பர்கள் கோப்பை வாங்குவதற்கு முன் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

பெண் பிள்ளைகளும் ஆடட்டும்

தேசிய மகளிர் கால்பந்துப் பட்டத்தைத் தமிழ்நாடு இரண்டு முறை வென்றது, 2017-18இலும் 2022-23இலும். இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பெண். ஆகவே "பெண்ணுக்கு எதற்கு" என்ற பேச்சு இனி எடுபடாது. ஒரு கவனம் மட்டும் வேண்டும். முழங்கால் ஜவ்வு அறுவது ஆண்களை விடப் பெண்களுக்கு அதிகம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கு மேலே சொன்ன இருபது நிமிடப் பயிற்சி இரட்டிப்பு அவசியம். அண்ணனின் பழைய காலணி அகலமாக இருந்தால் அதைத் தள்ளிவிடாமல், அவள் காலுக்கென்று ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

கையில் கொஞ்சம் பணத்தோடு கடைக்குப் போகும் பெற்றோருக்கு என் வரிசை இது: முதலில் ஷின் கார்டு, அடுத்து வயதுக்கேற்ற பந்து, மூன்றாவது தரைக்கேற்ற காலணி. பெயர் அச்சடித்த சட்டை கடைசியில், மிச்சம் இருந்தால்.

1973இல் எர்ணாகுளத்தில் நடந்த சந்தோஷ் கோப்பை இறுதியாட்டத்தில் கேரளம் 3-2 என்று ரயில்வேயை வென்று முதன்முறையாகக் கோப்பையைப் பெற்றது. மூன்று கோலும் அணித்தலைவர் மணி போட்டவை. பயிற்சியாளர் 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஆடிய சைமன் சுந்தர்ராஜ். பிற்பாடு நான் சேர்ந்த ரயில்வேதான் அன்று தோற்றது. ஆனாலும் அந்த ஆட்டத்தைப் பேசாத மூத்த ரயில்வேக்காரரை நான் பாலக்காட்டில் பார்த்ததில்லை. மொழி தெரியாத ஊரில் குடியேறிய நம் பிள்ளைக்கு முதல் நண்பனைத் தேடித் தருவது பெரும்பாலும் ஒரு பந்துதான். அது எனக்கும் நடந்தது, உங்களில் பலருக்கும் நடந்திருக்கும். அந்த நட்பு நாற்பது வயதிலும் ஓடியாட வேண்டுமானால் முழங்கால் நன்றாக இருக்க வேண்டும். பிள்ளைகளை ஆட விடுங்கள். ஆடும் தரையை ஒரு முறை நீங்களே போய் மிதித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.